டிஎன்எஸ் முகவரியை எங்கே எழுதுவது: கணினியிலா, ரூட்டரிலா, சர்வரிலா?

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், தெரிந்தவர் நடத்தும் கணக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "அண்ணே, நெட் போயிடுச்சு. ஆனா வாட்ஸ்அப் மட்டும் வருது." அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருந்தது. முன்பே இணைந்து நிற்கும் செயலிக்குப் பெயரைத் தேடும் வேலை இல்லை. புதிதாக ஒரு தளத்தைத் திறக்கும்போதுதான் அதன் பெயருக்குரிய ஐபி முகவரியை, அதாவது எண்ணை, யாரிடமாவது கேட்க வேண்டும். அந்தப் பதிலைச் சொல்லும் சேவைதான் டிஎன்எஸ். கேட்கிற இடத்தில் பதில் இல்லை என்றால் இப்படித்தான் ஆகும்.

மறுநாள் வருகிறேன் என்றேன். அதற்குள் அங்கே வேலை செய்யும் தம்பி ஒருவர் ஏதோ வீடியோவைப் பார்த்து, தன் கணினியின் டிஎன்எஸ் பெட்டியில் கூகுள் டிஎன்எஸ்ஸின் எண்ணான 8.8.8.8 என்று போட்டுவிட்டார். தளங்கள் திறந்தன. மறுநாள் காலையில் நிலைமை இது: மற்ற கணினிகளில் சர்வர் கோப்புகள் திறக்கின்றன, நெட் வரவில்லை. தம்பியின் கணினியில் நெட் வருகிறது, சர்வர் கோப்புகள் திறக்கவில்லை. நல்ல கூத்து.

டிஎன்எஸ் என்றாலே "எது வேகம், கூகுளா கிளவுட்ஃபிளேரா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள் (இரண்டும் பொது டிஎன்எஸ் நடத்தும் நிறுவனங்கள்). என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. அந்த எண்ணை எங்கே எழுதி வைக்கப்போகிறோம் என்பதே முதல் கேள்வி. கணினியில் எழுதலாம், ரூட்டரில் எழுதலாம், சர்வரில் எழுதலாம், உலாவிக்குள்ளேயே எழுதலாம், எதையும் தொடாமலும் விடலாம். எந்த இடத்தில் எழுதுகிறோமோ அதற்கேற்ற கோளாறுதான் பின்னால் வரும்.

முதலில், கோளாறு டிஎன்எஸ்ஸில்தானா?

தேர்வுக்குப் போகும் முன் இதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பல்வலிக்குக் கண்ணாடி மாற்றிய கதையாகிவிடும். கட்டளைச் சாளரத்தைத் திறந்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் (ping, அங்கிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். பதில் வருகிறது, ஆனால் ஒரு தளத்தின் பெயருக்கு பிங் கொடுத்தால் அந்தப் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது என்றால், பெயர் தேடல்தான் கெட்டிருக்கிறது. எண்ணுக்கே பதில் இல்லை என்றால் பெரும்பாலும் கேபிளையோ, ரூட்டரையோ, இணையச் சேவை நிறுவனத்தையோ பாருங்கள். நெட்வொர்க் விவரங்களைக் காட்டும் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையில் உங்கள் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் இன்னும் முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். அங்கே டிஎன்எஸ்ஸை மாற்றி ஒரு பயனும் இல்லை.

அடுத்து என்எஸ்லுக்அப் (nslookup), ஒரு பெயருக்குரிய எண்ணை டிஎன்எஸ்ஸிடம் கேட்டுச் சொல்லும் கட்டளை. இதன் அருமை என்னவென்றால், யாரிடம் கேட்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். பெயருக்குப் பின்னால் 192.168.1.1 என்று போட்டால் ரூட்டரைக் கேட்கும் (உங்கள் ரூட்டரின் எண் வேறாக இருக்கலாம்), 8.8.8.8 என்று போட்டால் கூகுளைக் கேட்கும். ரூட்டர் மௌனம், கூகுள் பதில் சொல்கிறது என்றால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. பல வீட்டு ரூட்டர்கள் தாங்களே டிஎன்எஸ் போல நடித்து, கேள்வியை மேலே அனுப்பிப் பதிலை வாங்கித் தருகின்றன. அந்தப் பகுதி மட்டும் தொங்கிப்போவது சகஜம். "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற வைத்தியம் பலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிங் ஒரு ஐபியும் என்எஸ்லுக்அப் வேறொரு ஐபியும் காட்டினால், கணினிக்குள்ளேயே பெயர்களுக்கு எண்களை எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். பிங் அதைப் பார்த்துவிட்டுத்தான் போகும், என்எஸ்லுக்அப் அதைக் கண்டுகொள்ளாது. டிஎன்எஸ்ஸை பால் மொக்கபெட்ரிஸ் 1983-ல் வடிவமைப்பதற்கு முன்பு, இணையத்தின் கணினிப் பெயர்கள் முழுவதும் ஒரே ஒரு உரைக்கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் இருந்த எஸ்ஆர்ஐ நிறுவனம் அதைப் பராமரிக்க, மற்றவர்கள் நகலெடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோப்பின் மிச்சம்தான் இன்றும் நம் கணினிகளில் இருக்கும் ஹோஸ்ட்ஸ். என்றோ ஒருநாள் சோதனைக்காக யாரோ எழுதிய ஒரு வரி அங்கே கிடந்து, வருஷக்கணக்கில் கழுத்தறுக்கும்.

ஒன்றும் தொடாமல் விடுவது

கணினியில் எல்லாமே "தானாகப் பெறு" என்று இருக்கும். ரூட்டர் டிஹெச்சிபி (கணினிகளுக்கு முகவரியைத் தானாகப் பங்கிடும் முறை) வழியாக ஐபியைக் கொடுக்கும்போதே டிஎன்எஸ் முகவரியையும் சேர்த்துக் கொடுத்துவிடும். பல வீடுகளுக்கு இதுவே போதும், இதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வீடியோத் தளங்கள் பல ஊர்களில் நகல் வைத்திருக்கும்போது, எந்த நகலிடம் அனுப்புவது என்பதைக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து முடிவு செய்கின்றன. பக்கத்து டிஎன்எஸ் கேட்டால் பக்கத்து நகல் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

குறை என்னவென்றால், அது படுத்தால் நாமும் படுக்க வேண்டும். ஆனாலும் ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மா வீட்டுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். அங்கே நாம் மாற்றி வைத்த எண்ணைப் பிறகு தேடிப் போய்ச் சரிசெய்ய ஆள் கிடையாது. கேபிள்காரர் வந்தால் அவருக்குத் தெரிந்த அமைப்பிலேயே எல்லாம் இருக்க வேண்டும்.

கணினியில் கையால் எழுதுவது

இரண்டு நிமிட வேலை, உடனே பலன், ரூட்டரின் கடவுச்சொல் வேண்டாம். வீடியோக்கள் எல்லாம் இதையே சொல்லிக்கொடுப்பதன் ரகசியம் இதுதான். எனக்கு இது நிரந்தரத் தீர்வாகப் பிடிக்காது. சோதனைக்கு மட்டும் நல்லது.

முதல் காரணம், மறதி. மாற்றியது கணினிக்குள் ஒளிந்திருக்கும். ஆறு மாதம் கழித்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஒரு விடுதிக்குப் போவீர்கள். அங்கே வைஃபை உள்நுழைவுப் பக்கம் வராது. சில இடங்களில் அந்தப் பக்கத்தைக் காட்டுவதே அவர்களுடைய டிஎன்எஸ்தான், வெளி டிஎன்எஸ்ஸைத் தடுத்தும் வைத்திருப்பார்கள். வரவேற்பில் இருப்பவர் "எல்லாருக்கும் வருதே சார்" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான்.

இரண்டாவது, ஐபிவி6, அதாவது ஐபி முகவரிகளின் புதிய, ஆறாம் பதிப்பு. நான்காம் பதிப்புக்கான பெட்டியில் மட்டும் எண்ணை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆறாம் பதிப்பு வழியாக ரூட்டர் கொடுத்த பழைய டிஎன்எஸ் அப்படியே இருக்கும், கணினி அதையே கேட்டுக்கொண்டும் இருக்கலாம். ஐபிகான்ஃபிக் கட்டளையோடு ஆல் (ipconfig /all) சேர்த்துக் கொடுத்தால் டிஎன்எஸ் பட்டியலில் நீளமான எண்ணும் எழுத்துமாக ஒரு வரி தெரியும். அதுதான் இது. மாற்றுவதென்றால் இரண்டையும் மாற்ற வேண்டும். கூகுளுக்கு ஆறாம் பதிப்பில் 2001:4860:4860::8888, கிளவுட்ஃபிளேருக்கு 2606:4700:4700::1111.

மூன்றாவதுதான் பெரிய குழப்பம். அந்தக் கணக்கு அலுவலகத்தில் நடந்ததும் இதுவே. டிஎன்எஸ் பெட்டியில் இரண்டு வரிகள் இருக்கின்றன: முதன்மை, மாற்று. முதல் ஆளுக்குத் தெரியாததை இரண்டாம் ஆளிடம் கேட்கும் என்று பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. முதல் ஆள் பதிலே சொல்லாவிட்டால்தான் இரண்டாம் ஆளிடம் போகும். "அப்படி ஒரு பெயரே இல்லை" என்பதும் ஒரு பதில்தான். அது வந்துவிட்டால் தேடல் அங்கேயே முடிந்தது, அந்த 'இல்லை'யையும் கணினி சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும்.

தம்பி முதலில் 8.8.8.8 மட்டும் போட்டார். அந்த அலுவலகத்தில் ஆக்டிவ் டைரக்டரி (கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) சர்வர் ஒன்று இருக்கிறது. உள்ளூர்ப் பெயர்கள் அந்த சர்வருக்குத்தான் தெரியும், கூகுளுக்குத் தெரிய வழியில்லை. நான் போய் விளக்கியதும், "அப்ப முதல்ல சர்வர், ரெண்டாவது 8.8.8.8 போட்டுடலாமா அண்ணே?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பல அலுவலகங்களில் இப்படித்தான் போட்டும் வைத்திருக்கிறார்கள். ஆனால் இது முன்னதைவிட மோசம். சர்வர் ஏதோ ஒரு வேலையில் மூழ்கி ஒரு கணம் பதில் தரத் தாமதித்தால், விண்டோஸ் கூகுளிடம் கேட்டுவிடும். கூகுள் அந்தப் பெயரே இல்லை என்று சொல்லும். கோப்பு திறக்காது. பத்து நிமிடம் கழித்துத் திறக்கும். எப்போதும் கெட்டிருக்கும் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். அவ்வப்போது மட்டும் கெடுகிற கோளாறு ஆளைக் கொன்றுவிடும்.

அதனால் டொமைனில், அதாவது இப்படி ஒரு சர்வரின் நிர்வாகத்தில், சேர்ந்த கணினிகளில் சர்வரின் முகவரியை மட்டுமே போட வேண்டும். இரண்டாவது வேண்டுமென்றால் இரண்டாவது சர்வர் ஒன்று வேண்டும். சர்வருக்குத் தெரியாத வெளிப் பெயர்களை யாரிடம் கேட்பது என்று சர்வரிலேயே ஓர் இடம் இருக்கிறது, ஃபார்வர்டர்கள் என்று பெயர். கூகுளோ கிளவுட்ஃபிளேரோ அங்கேதான் போக வேண்டும். அன்று அலுவலகம் முழுக்க நெட் போனதற்கு மூலமும் அங்கேதான் இருந்தது. ஃபார்வர்டர் பட்டியலில் சேவை நிறுவனத்தின் ஒரே ஒரு முகவரி. அது பதில் தரவில்லை. டிஎன்எஸ் அமைப்பின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வர்களிடம் நேராகப் போய்க் கேட்கும் வசதியையும் யாரோ அணைத்து வைத்திருந்தார்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு சின்ன விலகல். டிஎன்எஸ் முகவரிகள் இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் (resolv.conf) கோப்பில் கையால் எழுதியது மறுமுறை கணினியைத் திறந்ததும் காணாமல் போகும். நெட்வொர்க் மேனேஜரோ வேறு நிரலோ அதைத் திருப்பி எழுதிவிடுகிறது. கோப்பின் முதல் சில வரிகளிலேயே பெரும்பாலும் இதைச் சொல்லியிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. உபுண்டுவில் அங்கே 127.0.0.53 என்று இருந்தால் பதற வேண்டாம். அது கணினிக்குள்ளேயே ஓடி, கேள்விகளை வாங்கி வெளியே அனுப்பும் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற நிரலின் முகவரி. உண்மையில் யாரிடம் கேட்கிறது என்பதை ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் (resolvectl status) கட்டளை காட்டும். கோப்பை நேராகப் படிக்கும் பழைய முறையில் மூன்று முகவரிகளுக்கு மேல் கணக்கில் வராது, ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி காத்திருக்கும். தளங்கள் திறக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் சரியாக 5 விநாடி தயங்குகிறது என்றால் முதல் வரியில் இருப்பவர் செத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ரூட்டரில் எழுதுவது

சர்வர் இல்லாத வீட்டுக்கும் சிறிய கடைக்கும் என் ஓட்டு இதற்கே. ஓரிடத்தில் மாற்றினால் டிவி, போன், லேப்டாப் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்கிறது. லேப்டாப்பில் "தானாகப் பெறு" அப்படியே இருப்பதால் வெளியூர் வைஃபையிலும் தொந்தரவு இல்லை.

ரூட்டரில் பெரும்பாலும் இரண்டு இடங்களில் டிஎன்எஸ் பெட்டி இருக்கும். வேன் (WAN, வெளி இணையம்) பக்கத்தில் எழுதினால் ரூட்டர் யாரிடம் கேட்க வேண்டும் என்று பொருள், கணினிகள் முன்போல ரூட்டரையே கேட்கும். லேன் (LAN, உள் நெட்வொர்க்) பக்கத்தில் டிஹெச்சிபிக்குக் கீழே எழுதினால், அந்த எண் கணினிகளுக்கே நேராகக் கொடுக்கப்படும், ரூட்டர் நடுவிலிருந்து விலகிக்கொள்ளும். ரூட்டரின் டிஎன்எஸ் பகுதி அடிக்கடி தொங்குகிறது என்றால் இரண்டாவதே நல்லது. ரூட்டர் நன்றாக இருக்கிறது, சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ்தான் மோசம் என்றால் முதலாவது போதும். முன்னால் செய்த என்எஸ்லுக்அப் சோதனை இதற்குத்தான். மாற்றிய பிறகு வைஃபையைத் துண்டித்து மறுபடி இணையுங்கள், இல்லாவிட்டால் பழைய எண்ணே ஓடிக்கொண்டிருக்கும். ஐபிகான்ஃபிக்கோடு ஃபிளஷ்டிஎன்எஸ் (ipconfig /flushdns) கொடுத்துப் பழைய பதில்களையும் துடைத்துவிடுங்கள்.

சேவை நிறுவனம் கொடுத்த ரூட்டர்கள் சிலவற்றில் இந்தப் பெட்டிகள் பூட்டப்பட்டிருக்கும். அப்போது கணினியில் எழுதுவதைத் தவிர வழியில்லை, அல்லது சொந்த ரூட்டர் வாங்க வேண்டும்.

ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மட்டும் வந்தபடியே விட்டுவிடாதீர்கள். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் கணினிகளிலும் கடவுச்சொல் மாற்றாத ரூட்டர்களிலும் டிஎன்எஸ் எண்ணை மாற்றி வைத்து, தேடியவர்களைத் தன் விளம்பரங்களுக்குத் திருப்பிவிட்டது. 2011 நவம்பரில் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தபோது 40 லட்சம் கணினிகள் வரை பாதிக்கப்பட்டிருந்தன. திருட்டு சர்வர்களை உடனே அணைத்தால் அத்தனை பேருக்கும் நெட் நின்றுபோகும் என்பதால், நீதிமன்ற அனுமதியோடு அவற்றின் இடத்தில் நல்ல சர்வர்களை ஓட்டி, 2012 ஜூலை 9 அன்றுதான் நிறுத்தினார்கள். ரூட்டர் பக்கத்தில் நீங்கள் போடாத, உங்கள் சேவை நிறுவனத்துடையதும் அல்லாத எண் இருந்தால் விசாரிக்காமல் விடாதீர்கள்.

சொந்தமாக ஒரு டிஎன்எஸ்

ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியில், விளம்பரத் தளங்களின் பெயர்களைத் தடுக்கும் பை-ஹோல் என்ற டிஎன்எஸ் நிரலைப் போட்டு விளம்பரங்களை வீட்டு வாசலிலேயே நிறுத்துவது. எனக்குப் பிடித்த விளையாட்டு, ஆனால் அதை விளையாட்டாகத்தான் பார்க்கிறேன். ரூட்டர் யுபிஎஸ்ஸில் ஓடும், பை-ஹோல் சாதா பிளக்கில் ஓடும். மின்சாரம் போனால் வைஃபை விளக்கு எரியும், எந்தத் தளமும் திறக்காது. வீட்டில் இருப்பவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். துணைக்கு 8.8.8.8 போட்டால் விளம்பரம் அந்தச் சந்தில் நுழைந்துவிடும், மேலே சொன்ன இரண்டு வரிக் கதையேதான்.

உலாவிக்குள், போனுக்குள்

சாதாரண டிஎன்எஸ் கேள்வி 53-ஆம் போர்ட் வழியாகத் திறந்த அஞ்சலட்டை போலப் போகிறது. நடுவில் இருப்பவர் படிக்கலாம், வேறு பதிலும் எழுதலாம். நீங்கள் 8.8.8.8 என்று போட்டும் சேவை நிறுவனமே நடுவில் பிடித்துப் பதில் சொல்வதுண்டு. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: 192.0.2.1 என்பது எடுத்துக்காட்டுகளில் எழுதுவதற்கென்றே ஒதுக்கிய முகவரி, அங்கே எந்த சர்வரும் கிடையாது. என்எஸ்லுக்அப்பில் அதனிடம் கேட்டும் பதில் வந்தால், நடுவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அப்போது கணினியிலோ ரூட்டரிலோ எந்த எண்ணைப் போட்டாலும் ஒன்றுதான். கேள்வியை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் மறைகுறியாக்கிய டிஎன்எஸ் மட்டுமே கைகொடுக்கும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் அது இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 9-ஆம் பதிப்பிலிருந்து தனிப்பட்ட டிஎன்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது, அங்கே எண்ணை எழுத முடியாது, சர்வரின் பெயரைத்தான் எழுத வேண்டும்.

இதற்குக் கொடுக்கும் விலை: உலாவி ஒரு வழியிலும் கணினி வேறு வழியிலும் கேட்பதால், என்எஸ்லுக்அப் சொல்வதும் உலாவி காட்டுவதும் பொருந்தாமல் போகும். கோளாறு தேடும்போது முதலில் உலாவியின் இந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். இன்னொன்று, டிஎன்எஸ் சர்வர் உண்மையானதுதானா என்று காட்டும் சான்றிதழைச் சரிபார்க்கக் கணினியின் தேதி சரியாக இருக்க வேண்டும். பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால், கண்டிப்பான மறைகுறியாக்கத்தில் பெயர் தேடலே நடக்காது. நேரத்தைச் சரிசெய்யும் சர்வரின் பெயரைத் தேட டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ் வேலை செய்ய நேரம் சரியாக வேண்டும். கையால்தான் தேதியை மாற்ற வேண்டும்.

சரி, எந்த எண்?

கூகுள் 2009 டிசம்பரிலிருந்து 8.8.8.8, 8.8.4.4 இரண்டையும் நடத்துகிறது. கேட்பவரின் முகவரியில் ஒரு பகுதியைத் தளத்தின் டிஎன்எஸ்ஸுக்குச் சொல்லும், அதனால் பக்கத்து நகல் கிடைக்கிறது. கிளவுட்ஃபிளேர் 2018 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய 1.1.1.1 அதைச் சொல்லாது. தனியுரிமை முக்கியம் என்றால் இதை எடுக்கலாம். பழைய வைஃபை கருவிகள் சில 1.1.1.1 என்பதைத் தங்கள் உள்வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தன, அங்கே 1.0.0.1 போட்டுப் பாருங்கள். குவாட்9 சேவையின் 9.9.9.9 மோசடித் தளங்களின் பெயர்களுக்கு இல்லை என்று சொல்லிவிடும். கணினி பற்றி அதிகம் தெரியாதவர்கள் இருக்கும் இடத்துக்கு நான் இதையே போடுவேன். நல்ல தளம் ஏதாவது திறக்காவிட்டால், வடிகட்டாத 9.9.9.10 முகவரியிடம் அதே பெயரைக் கேளுங்கள். அங்கே பதில் வந்தால் வடிகட்டிதான் காரணம். 2006-ல் தொடங்கிய ஓபன்டிஎன்எஸ் இப்போது சிஸ்கோவிடம் இருக்கிறது. குழந்தைகளுக்கான வடிகட்டல் வேண்டுமென்றால் பார்க்கலாம்.

இரண்டு எண்களையும் ஒரே நிறுவனத்திடம் வாங்காதீர்கள். 2025 ஜூலை 14 அன்று கிளவுட்ஃபிளேர் ஓர் அமைப்புத் தவறால் ஒரு மணி நேரம் படுத்தபோது 1.1.1.1, 1.0.0.1 இரண்டும் சேர்ந்தே போயின. அதற்காக வடிகட்டும் ஒன்றையும் வடிகட்டாத ஒன்றையும் கலக்கவும் கூடாது. கூகுளும் கிளவுட்ஃபிளேரும் சேரும். குவாட்9 என்றால் அதனோடு கிளவுட்ஃபிளேரின் தீநிரல் தடுக்கும் 1.1.1.2 சேரும்.

அந்த அலுவலகத்தில் கடைசியில் இப்படி வைத்தேன். கணினிகள் எல்லாம் "தானாகப் பெறு", அவற்றுக்குக் கிடைப்பது சர்வரின் முகவரி மட்டும். சர்வரின் ஃபார்வர்டர்களில் 9.9.9.9, 1.1.1.2. ரூட் சர்வர்களைக் கேட்கும் வசதியை மறுபடி திறந்தாயிற்று. தம்பியின் கணினியிலிருந்து 8.8.8.8 எடுத்ததும் கோப்புகள் வந்துவிட்டன. எந்த எண் எந்தப் பெட்டியில், எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதி, சர்வரின் பக்கவாட்டில் ஒட்டச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அவரே போன் செய்தார். "அண்ணே, நெட் போச்சு. எண்ணுக்கு பிங் பண்ணா அதுவும் வரல, அதனால டிஎன்எஸ்ஸ தொடல. கேபிள்காரருக்கே சொல்லிட்டேன்" என்றார். தெருவில் யாரோ பள்ளம் தோண்டியிருந்தார்கள்.